சிறுநீரில் காற்று: பெருங்குடல் டைவர்டிகுலர் நோயில் ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளிக்கு 61 வயது, ஆண். இரத்தக் கொதிப்புக்கு ஒரு மாத்திரை, முழங்கால் வலிக்குக் கிட்டத்தட்ட தினமும் டைக்ளோஃபெனாக், பிஎம்ஐ 31, நாளுக்கு ஏழெட்டு சிகரெட். அடையாளம் தெரியாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டிருக்கின்றன. பெருங்குடல் சுவரில் டைவர்டிகுலம் என்னும் சிறு பைகள் பிதுங்கி, அவற்றால் தொந்தரவு வருவதுதான் டைவர்டிகுலர் நோய். அதைப் பற்றி எழுத இவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், முதல் தடவை அறுவைசிகிச்சை வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டோம், இரண்டாம் தடவை அறுவைசிகிச்சை தவிர வேறு வழியில்லை என்றோம், இரண்டு முடிவுக்கும் அடிப்படை ஒன்றுதான்: குடல் சுவருக்கு வெளியே என்ன நடந்திருக்கிறது என்பது. வலி எவ்வளவு, எத்தனையாவது தடவை என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதல் தடவை

இடது அடிவயிற்றில் மூன்று நாளாக வலி, முந்தின இரவிலிருந்து காய்ச்சல், மலம் சரியாகப் போகவில்லை, அடிக்கடி சிறுநீர் முட்டுகிறது, போனால் கொஞ்சம்தான் வருகிறது. இந்தக் கடைசி விஷயத்தால் முதலில் பார்த்த இடத்தில் சிறுநீரகக் கல் என்று நினைத்து வலி ஊசி போட்டு அனுப்பியிருந்தார்கள். நியாயமான சந்தேகம்தான். ஆனால் கல் வலி வந்தவர் ஒரு இடத்தில் படுக்கமாட்டார், புரண்டுகொண்டே இருப்பார். இவர் அசையாமல் மல்லாந்து படுத்திருந்தார், கட்டிலை யாராவது இடித்தால் முகத்தைச் சுளித்தார். அசைந்தால் வலிக்கிற வயிறு என்றால் பெரிட்டோனியம் என்னும் வயிற்று உள்ளுறையை ஏதோ உறுத்துகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

வெப்பம் 38.4 டிகிரி செல்சியஸ், நாடி 104, இரத்த அழுத்தம் 138/84. இடது அடிவயிற்றை அழுத்தினால் வலி, அங்கே மட்டும் தசை இறுகுகிறது, மற்ற இடமெல்லாம் மெத்தென்று இருந்தது. வெள்ளையணுக்கள் 15,800, அழற்சி எவ்வளவு என்று காட்டும் சிஆர்பி என்னும் இரத்தப் புரதம் லிட்டருக்கு 168 மில்லிகிராம், கிரியாட்டினின் சரியாக இருந்தது. சிறுநீரில் கொஞ்சம் சீழணுக்கள், கிருமித் தொற்றைக் காட்டும் நைட்ரைட் இல்லை.

சிஆர்பி 150-ஐத் தாண்டினால் வெறும் அழற்சியோடு நிற்காமல் சீழ்க்கட்டியோ துளையோ இருக்கலாம் என்று சந்தேகப்படுவது வழக்கம். குறைவாக இருந்தால் நிம்மதியடையலாமா என்றால் அதுவும் இல்லை, நோய் ஆரம்பித்த முதல் சில மணி நேரத்தில் சிஆர்பி ஏறியே இருக்காது. வயிற்றை அழுத்திப் பார்த்து மட்டும் இந்த நோயைச் சொன்னால் தவறிப்போகும் வாய்ப்பு கணிசமானது. துளை விழுந்த புற்றுநோய், இரத்த ஓட்டம் குறைந்த குடல், குடலின் மேல் தொங்கும் சிறு கொழுப்புத் துணுக்கு முறுக்கிக்கொள்வது, பெண்களானால் சினைப்பைப் பிரச்சினைகள் என்று இதே இடத்தில் இதே மாதிரி வலிக்கிற விஷயங்கள் நிறைய. கிழக்காசிய மக்களிடம் இந்தப் பைகள் வலப்பக்கப் பெருங்குடலில்தான் அதிகம், அங்கே அழற்சி வந்தால் அப்படியே குடல்வால் அழற்சி மாதிரி இருக்கும், அறுவை மேசையில் திறந்த பிறகு குடல்வால் நன்றாக இருப்பதைப் பார்த்து விழித்த கதைகள் உண்டு.

அதனால் இரத்தக்குழாய் வழியாகக் காண்ட்ராஸ்ட் (படத்தில் பளிச்சென்று தெரியும் மருந்து) கொடுத்து சிடி ஸ்கேன் எடுத்தோம். சிக்மாய்டு பகுதியில், அதாவது மலக்குடலுக்குச் சற்று மேலே இருக்கும் பெருங்குடல் வளைவில், நிறைய டைவர்டிகுலங்கள், அங்கே சுவர் 9 மில்லிமீட்டருக்குத் தடித்திருந்தது, சுற்றியிருக்கும் கொழுப்பு கலங்கலாகத் தெரிந்தது. சிக்மாய்டுக்கும் சிறுநீர்ப்பையின் மேற்கூரைக்கும் நடுவில் 2.6 சென்டிமீட்டர் சீழ்க்கட்டி. வயிற்றுக்குள் சிதறிய காற்று இல்லை. சிறுநீர் ஏன் அடிக்கடி முட்டியது என்பதற்கும் இதிலேயே விடை கிடைத்தது: சிறுநீர்ப்பையில் கிருமித் தொற்று வரவில்லை, பக்கத்துச் சீழ்க்கட்டியின் சூடு அதற்கும் பரவியிருந்தது.

1978-இல் ஹின்ச்சி என்பவரும் கூட இருந்தவர்களும் வகுத்த நிலைகளைத்தான், கொஞ்சம் திருத்தங்களோடு, இன்றைக்கும் பயன்படுத்துகிறோம். குடலை ஒட்டிய சீழ்க்கட்டி முதல் நிலை, இடுப்புக்குழியில் தள்ளி உருவாகும் கட்டி இரண்டு, வயிறு முழுக்கச் சீழ் மூன்று, வயிறு முழுக்க மலம் நான்கு. இவருடையது திருத்திய வரிசையில் 1பி, அதாவது குடலை ஒட்டிய சீழ்க்கட்டி.

பை என்பது வேறு, நோய் என்பது வேறு

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஸ்கேன் அறிக்கையில் ‘டைவர்டிகுலோசிஸ்’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு மாதக்கணக்கில் தூக்கத்தைத் தொலைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெருங்குடலுக்கு இரத்தம் கொண்டுவரும் சிறு தமனிகள் அதன் தசையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகின்றன. துளைக்கிற இடம் பலவீனமான இடம். உள்ளழுத்தம் ஏறும்போது, வெட்டு விழுந்த டயரில் ட்யூப் பிதுங்குகிற மாதிரி, குடலின் உள்சவ்வு அந்த இடத்தில் வெளியே பிதுங்கிப் பையாக நிற்கிறது. அந்தப் பைக்குத் தசை கிடையாது, சவ்வு மட்டும்தான். பெருங்குடலிலேயே குறுகலான, அதனால் அழுத்தம் அதிகமான பகுதி சிக்மாய்டு என்பதால் மேற்கு நாடுகளில் பெரும்பாலோருக்கு அங்கேதான் வருகிறது. அந்தத் தமனி பையின் முகட்டில் நீட்டி இழுபட்டு நிற்பதால் சிலருக்கு வலியே இல்லாமல் திடீரென்று இரத்தமாகப் போகும், அது தனிக் கதை, பெரும்பாலும் தானாக நின்றுவிடும்.

பை மட்டும் இருந்தால் அது டைவர்டிகுலோசிஸ். மேற்கு நாடுகளில் 60 வயது தாண்டியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இருக்கிறது, பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்க ஒன்றும் செய்யாது. பழைய பாடப்புத்தகங்களில் இவர்களில் 10 முதல் 25 சதவீதம் பேருக்கு அழற்சி வரும் என்று எழுதியிருக்கும். 2013-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, பைகள் இருப்பது தெரிந்த 2,222 பேரைச் சுமார் 11 ஆண்டுகள் கவனித்ததில் 4 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் வந்தது. அதனால் வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனிலோ, மலவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபியிலோ பை தெரிந்தது என்றால் அதற்கு மருந்து எதுவும் கிடையாது, வேண்டியதும் இல்லை.

கொடுத்ததும் கொடுக்காததும்

இவருக்கு வருவோம். உள்நோயாளியாக எடுத்து, செஃப்ட்ரியாக்சோன், மெட்ரோனிடசோல் இரண்டையும் நரம்பு வழியாகக் கொடுத்தோம். வலிக்குப் பாராசிட்டமால். டைக்ளோஃபெனாக்கை அன்றைக்கே நிறுத்தினோம்; இந்த வகை வலிமாத்திரைகளும் ஸ்டீராய்டும் மார்ஃபின் வகையான ஓபியாய்டு மருந்துகளும் டைவர்டிகுலம் துளைபடும் ஆபத்தைக் கூட்டுபவை. முதல் நாள் திரவ உணவு, பசி திரும்பியதும் சாதாரண உணவு.

சீழ்க்கட்டிக்குள் ஊசி விட்டுக் குழாய் வைக்கலாமே என்று உடன் இருந்த இளைய மருத்துவர் கேட்டார். பொதுவாக 3 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் ஆன்டிபயாடிக்கே போதும், அதற்கு மேலே, குறிப்பாக 4-ஐத் தாண்டினால், ஸ்கேன் பார்த்தபடி குழாய் வைப்பது. இவருடையது எல்லைக்குக் கீழே இருந்தது, இருந்த இடமும் குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவில் இடுக்கில். காத்திருந்தோம். நான்காம் நாள் காய்ச்சல் இல்லை, சிஆர்பி 41. மாத்திரைக்கு மாற்றி, மொத்தம் பத்து நாள் முடிக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினோம்.

ஆன்டிபயாடிக் பற்றி ஒரு வார்த்தை. சீழ்க்கட்டி இல்லாமல் இருந்திருந்தால் நான் அதைக்கூட எழுதியிருக்க மாட்டேன் என்பதை இந்த நோயாளியின் குடும்பத்தாரால் நம்பவே முடியவில்லை. ஸ்வீடனிலும் ஐஸ்லாந்திலும் நடந்து 2012-இல் வெளிவந்த ஏவிஓடி ஆய்வில், சிடியில் உறுதியான, சிக்கல் இல்லாத டைவர்டிகுலைட்டிஸ் (பையில் அழற்சி) வந்த 623 பேரைப் பிரித்துப் பாதிப் பேருக்கு ஆன்டிபயாடிக்கும் மீதிப் பேருக்கு வெறும் திரவமும் கொடுத்தார்கள். குணமாகும் வேகத்திலோ சிக்கல்களிலோ வித்தியாசம் இல்லை. நெதர்லாந்தில் 528 பேரை வைத்து நடந்த டயபோலோ ஆய்வும் அதையேதான் சொன்னது. ஆனால் ஏவிஓடியில் சீழ்க்கட்டி உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், கர்ப்பிணிகள், இரத்தத்தில் தொற்று ஏறியவர்கள் இவர்களுக்கும் இந்த முடிவைப் பொருத்தக்கூடாது. ‘இந்த நோய்க்கு ஆன்டிபயாடிக் வேண்டாமாம்’ என்று பாதியை மட்டும் படித்துவிட்டுப் பேசுவது ‘எல்லோருக்கும் கொடுத்துவிடு’ என்பதைவிடக் கெடுதல்.

அப்போதே ஏன் கொலோனோஸ்கோபி செய்யவில்லை? அந்தப் பரிசோதனையில் குடலுக்குள் காற்று ஊத வேண்டும். இப்போதுதான் ஒட்டிக்கொண்டு அடைத்திருக்கும் துளையை அந்தக் காற்று திறந்துவிடலாம். அதனால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து வரச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். இதை வெறும் சடங்காக நினைக்கக்கூடாது: சிடியில் தடித்த சிக்மாய்டும் துளை விழுந்த புற்றுநோயும் ஒன்று போலவே தெரியலாம், சிக்கலான டைவர்டிகுலைட்டிஸ் என்று பெயர் வாங்கியவர்களில் சிக்கல் இல்லாதவர்களைவிடப் பல மடங்கு பேருக்குப் பிறகு புற்றுநோய் தெரியவந்திருக்கிறது.

அவர் வரவில்லை. வலி போய்விட்டது, வேலைக்குத் திரும்பிவிட்டார், குடலைச் சுத்தம் செய்ய அவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும் என்று யாரோ சொன்னதில் பயம் வேறு.

இரண்டாம் தடவை

ஐந்து மாதம் கழித்து அவர் வந்தது வயிற்று வலிக்காக இல்லை. இடையில் மூன்று தடவை சிறுநீர்த் தொற்று என்று வேறு இடங்களில் மருந்து வாங்கியிருந்தார். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் அறிக்கை ஒன்றில் குடலில் வாழும் ஈ.கோலை, மற்ற இரண்டில் ‘பல கிருமிகள் கலந்து வளர்ந்துள்ளன, மாதிரி அசுத்தப்பட்டிருக்கலாம், மீண்டும் அனுப்பவும்’ என்று இருந்தது. வயது 61, ஆண், திரும்பத் திரும்பத் தொற்று. யாராக இருந்தாலும் புராஸ்டேட்டை நோக்கித்தான் போவார்கள், அங்கேதான் போயிருந்தார்கள், அது வயதுக்கு ஏற்றபடி லேசாகப் பெரிதாகவும் இருந்தது. எல்லாம் பொருந்திப்போன மாதிரி தோன்றியிருக்கும்.

கலந்து வளர்ந்த கிருமிகள் என்பது ஒருமுறை வந்தால் அசுத்தம் என்று தள்ளலாம், திரும்பத் திரும்ப வந்தால் குடல் எங்கேயோ கசிகிறதா என்று யோசிக்க வேண்டும். எரிச்சல் உண்டா, இரத்தம் உண்டா, இரவில் எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள் என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். நான் கேட்டது: “சிறுநீர் போகும்போது காற்று ஏதாவது வருகிறதா?”

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவிதான் பேசினார். “அதைத்தான் டாக்டர் நானும் சொல்லச் சொன்னேன். போய் முடியற நேரத்துல புஸ்ஸுன்னு காத்து வருதாம். இதையெல்லாமா டாக்டர்கிட்ட சொல்றதுன்னு விட்டுட்டாரு.”

முடிகிற நேரத்தில் என்பது கவனிக்க வேண்டிய விவரம். காற்று சிறுநீர்ப்பையில் மேலே மிதந்துகொண்டிருக்கும், சிறுநீர் காலியான பிறகுதான் வெளியேற முடியும். சமீபத்தில் சிறுநீரை வடிக்கும் குழாயான கதீட்டரோ வேறு கருவியோ உள்ளே போகாத ஒருவருக்கு இப்படிக் காற்று வந்தால் குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவில் வழி திறந்திருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும், காற்றை உண்டாக்கும் கிருமித் தொற்று, குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளிடம், அபூர்வமான மற்றொரு காரணம். சிறுநீரில் பழுப்பாகத் துகள் வருகிறதா என்றும் கேட்டேன், இரண்டொரு தடவை பார்த்ததாகச் சொன்னார். மலவாய் வழியாகச் சிறுநீர் வருவது அபூர்வம். குடலில் அழுத்தம் அதிகம், சிறுநீர்ப்பையில் குறைவு, ஆகவே போக்குவரத்து ஒரு திசையில்தான்.

இந்தமுறை சிடி எடுக்கும்போது ஸ்கேன் பிரிவிடம் இரண்டு விஷயம் சொல்லிவிட்டோம். ஸ்கேனுக்கு முன்னால் கதீட்டர் போடக்கூடாது, போட்டால் அதன் வழியாகவே காற்று போய்விடும், அப்புறம் அது யார் கொண்டுவந்த காற்று என்று சொல்ல முடியாது. அதேபோல மலவாய் வழியாகக் காண்ட்ராஸ்ட் கொடுத்து முதல் படங்களை எடுத்துவிட வேண்டும், நரம்பு வழியாகக் கொடுப்பது அதற்குப் பிறகு, ஏனென்றால் அது சிறுநீரகம் வழியாகச் சிறுநீர்ப்பைக்கு வந்து படத்தைக் குழப்பிவிடும். சிறுநீர்ப்பையின் முகட்டில் காற்றுக் குமிழ், அதன் இடப்பக்க மேல்சுவர் தடித்திருந்தது, தடித்த சிக்மாய்டு அந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. இப்படி இரண்டு உறுப்புகளுக்கு நடுவில் திறக்கும் வழிக்கு ஃபிஸ்டுலா என்று பெயர், அந்த வழி மட்டும் தனியாகத் தெரியவில்லை. அது பல நேரங்களில் தெரியாது, தெரிந்தால்தான் நம்புவேன் என்று நிற்கக்கூடாது. பழைய சீழ்க்கட்டி இருந்த அதே இடம். சீழ் வெளியேற அது தானாகவே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது.

கசகசாச் சோதனை என்று ஒன்று உண்டு: 50 கிராம் கசகசாவைச் சாப்பிடச் சொல்லிவிட்டு இரண்டு நாள் சிறுநீரில் விதை வருகிறதா என்று பார்ப்பது. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் ஃபிஸ்டுலா இருக்கிறதா இல்லையா என்ற ஒரே கேள்விக்கு அது ஸ்கேனைவிட நன்றாகவே பதில் சொல்வதாக ஆய்வுகள் உண்டு. எங்கே, எதனால் என்பதைச் சொல்லாது. இவருக்குத் தேவைப்படவில்லை.

தள்ளிப்போன கொலோனோஸ்கோபியை இப்போது செய்தோம். சிக்மாய்டு குறுகி, வளைந்து, விறைத்திருந்தது, குழந்தைகளுக்கான மெல்லிய கருவியால்தான் தாண்ட முடிந்தது. கட்டி இல்லை. சிவந்த இடங்களில் எடுத்த சதைத்துணுக்குகளில் அழற்சி மட்டுமே. குறுக்குப் பெருங்குடலில் 6 மில்லிமீட்டர் பாலிப் (சிறு சதை வளர்ச்சி) ஒன்று இருந்ததை அங்கேயே எடுத்துவிட்டோம். சிறுநீர்ப்பைக்குள் பார்த்தபோது முகட்டில் கொப்புளம் கொப்புளமாக வீங்கிய ஒரு சிறு பகுதி. குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே வரும் ஃபிஸ்டுலாவுக்கு முதல் காரணம் டைவர்டிகுலைட்டிஸ், அடுத்தது புற்றுநோய், அப்புறம் க்ரோன் என்னும் நாள்பட்ட குடல் அழற்சி நோய். ஆண்களுக்கு இது அதிகம். பெண்களுக்குக் கருப்பை நடுவில் தடுப்பாக நிற்கிறது, கருப்பை எடுக்கப்பட்டவர்களுக்கு அந்தத் தடுப்பு இல்லை.

அறுவைசிகிச்சை

“திரும்ப ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்க்கலாமா?” என்று அவர் கேட்டார். மயக்க மருந்தைத் தாங்க முடியாத, உடல் மிகத் தளர்ந்தவர்களுக்கு அப்படித்தான் செய்கிறோம், தொற்றை அடக்கி வைத்துக்கொண்டு நாளைக் கடத்துவது. ஆனால் இந்த வழி தானாக மூடிக்கொள்வது அபூர்வம், ஒவ்வொரு தொற்றும் சிறுநீரகம் வரைக்கும் ஏறும் வாய்ப்பு வைத்திருக்கிறது. இதயமும் நுரையீரலும் நன்றாக இருக்கும் 61 வயதுக்காரரை அந்த வழியில் விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவசர அறுவை இல்லை என்பதால் தொற்றைக் கட்டுப்படுத்தி, சிகரெட்டை நிறுத்த வைத்து, சில வாரம் கழித்துத் தேதி குறித்தோம்.

வயிற்றில் சிறு துளைகள் போட்டுக் கேமரா வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோபி முறையில் செய்தோம். சிக்மாய்டு சிறுநீர்ப்பையோடு ஒட்டியிருந்த இடத்தை விரலால் கிள்ளுவது போலப் பிரித்தாலே வந்துவிட்டது, சிறுநீர்ப்பையில் சிறு துளைதான், கரையும் நூலால் தைத்தோம். சிக்மாய்டை முழுவதுமாக எடுத்து, மேல் குடலை இறக்கிக் கொண்டுவந்து மலக்குடலின் மேல் பகுதியோடு ஸ்டேப்ளரால் இணைத்தோம். இணைப்பு மலக்குடலில்தான் இருக்க வேண்டும். கீழே சிக்மாய்டில் ஒரு துண்டை விட்டுவிட்டு அதோடு இணைத்தால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது. பெருங்குடலின் வெளியே பட்டை பட்டையாக ஓடும் தசைகள் மறைந்து ஒன்றாகப் பரவுகிற இடம்தான் அதற்கு அடையாளம். மேலே தள்ளி இருக்கும் மற்ற டைவர்டிகுலங்களைத் துரத்திக்கொண்டு போக வேண்டியதில்லை. இணைப்புக்கும் தைத்த துளைக்கும் நடுவில் ஓமென்டம் என்னும் வயிற்றுக் கொழுப்புத் திரையை இறக்கி வைத்தோம். காற்று ஊதிச் சோதித்ததில் கசிவு இல்லை. ஸ்டோமா, அதாவது மலம் வெளியேற வயிற்றுச் சுவரில் வைக்கும் திறப்பு, வைக்கவில்லை. கதீட்டர் பத்து நாள். நோயியல் அறிக்கையில் நாள்பட்ட டைவர்டிகுலைட்டிஸ், புற்றணு இல்லை.

ஸ்டோமா இல்லாமல் முடிந்ததற்குக் காரணம் நிதானமாகச் செய்ய முடிந்ததுதான். முதல் தடவையே சீழ்க்கட்டி வயிற்றுக்குள் உடைந்திருந்தால் கதை வேறு. அப்போது சிக்மாய்டை எடுத்துவிட்டு மேல்முனையை வயிற்றுச் சுவரில் திறந்துவிடும் ஹார்ட்மன் முறை, 1921-இல் புற்றுநோய்க்காக வந்தது, இன்றும் உயிர் காக்கிறது. ஆனால் அந்த ஸ்டோமாவை மூடுவதற்கு இன்னொரு பெரிய அறுவை, பலருக்கு அது நடப்பதே இல்லை. இரத்த அழுத்தம் நிலையாக இருக்கும் நோயாளிகளுக்கு உடனே இணைத்து, மேலே தற்காலிக ஸ்டோமா வைப்பது நல்லது என்று 2019-இல் லேடீஸ் என்ற ஆய்வின் ஒரு பிரிவு காட்டியது.

‘இரண்டு தடவை வந்தால் வெட்டிவிடு’ என்ற பழைய விதி எங்கே போனது என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். துளை விழுந்து வயிறு முழுக்கப் பரவும் ஆபத்து முதல் தாக்குதலில்தான் அதிகம், பின்னால் வருகிறவற்றில் குறைகிறது என்று தெரிந்த பிறகு அந்த விதிக்குக் காரணமே இல்லாமல் போனது. இன்றைக்கு எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. ஃபிஸ்டுலா, அடைப்பு, ஆறாமல் புகைந்துகொண்டே இருக்கும் வலி, வாழ்க்கை எந்த அளவுக்குக் கெட்டிருக்கிறது, இவற்றைத்தான் பார்க்கிறோம்.

வீட்டுக்குப் போகும்போது

அவருடைய மனைவி ஒரு பட்டியலோடு வந்திருந்தார். விதை, கொட்டை, சோளப்பொரி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாராம், பையில் போய் அடைத்துக்கொள்ளும் என்று. 47,000-க்கும் அதிகமான ஆண்களை 18 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2008-இல் வெளிவந்த ஆய்வில் கொட்டையும் சோளப்பொரியும் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு டைவர்டிகுலைட்டிஸ் கூடவில்லை, குறைவாகவே இருந்தது. தாராளமாகச் சாப்பிடச் சொன்னேன்.

நார்ச்சத்து பற்றிய பதில் அவ்வளவு நேரானது இல்லை. நார் குறைந்த உணவால்தான் பைகளே வருகின்றன என்று 1971-இல் பெயிண்டர், பர்கிட் என்ற இரு மருத்துவர்கள் எழுதியது உலகம் முழுக்கப் பரவியது. 2012-இல் கொலோனோஸ்கோபி செய்துகொண்டவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வில் நார் அதிகம் சாப்பிட்டவர்களிடம் பைகள் குறைவாக இல்லை, கூடுதலாகவே இருந்தன. ஆனால் பை வருவதும் பையில் அழற்சி வருவதும் வேறு வேறு, அழற்சியின் ஆபத்து நார் அதிகமுள்ள உணவோடு குறைகிறது என்று பெரிய தொடர் ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால் அறுவைக்குப் பிறகு மெதுவாகக் கூட்டச் சொன்னேன். எடை குறைக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும், முழங்காலுக்கு இனி பாராசிட்டமாலும் பூசும் மருந்தும் பிசியோதெரபியும்தான். மெசலசைன் என்னும் குடல் அழற்சி மருந்தைக் கொடுத்தால் திரும்ப வராதாமே என்று கேட்டார்கள், பெரிய ஆய்வுகளில் அது எடுபடவில்லை.

கடைசிக் கேள்வி அவருடைய தம்பியைப் பற்றியது, ஐம்பது வயதுக்காரர், தொந்தரவு எதுவும் இல்லாதவர், அவருக்கும் ஸ்கேன் எடுக்கலாமா என்று. இரட்டையர்களை வைத்து நடந்த ஸ்காண்டிநேவிய ஆய்வுகளில் இந்த நோயில் மரபின் பங்கு ஏறக்குறைய பாதி என்று வந்திருக்கிறது, ஆகவே கேள்வி அர்த்தமில்லாதது இல்லை. ஆனாலும் பைகள் இருக்கின்றன என்று தெரிந்தால் நாம் செய்யப்போவது ஒன்றுமில்லை, அதனால் அதற்காகத் தேட வேண்டாம் என்றேன். அந்த வயதில் பெருங்குடல் புற்றுநோய்க்கான பரிசோதனை பற்றி அவருடைய மருத்துவரிடம் கேட்கட்டும், அது வேறு கணக்கு. இடது அடிவயிற்று வலியோடு காய்ச்சல் வந்தால் மட்டும், அண்ணனுக்கு இப்படி இருந்தது என்று முதல் வார்த்தையிலேயே சொல்லச் சொல்லுங்கள் என்றேன்.